பம்பாய் எரிந்தது, பிவண்டி பிழைத்தது!

போலீசும் பொதுமக்களும் சேர்ந்து ஊரைக் காத்த கதை

"சோற்றைச் சாப்பிடு! இல்லாவிட்டால் போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்து விடுவேன்!"

இப்படிச் சொல்லாத தாய் உண்டா? இதைக் கேட்டு வளராத பிள்ளைதான் உண்டா?

பூச்சாண்டிக்கு அடுத்தபடி நாம் பிள்ளைகளுக்குக் காட்டுகிற பூச்சாண்டி, போலீஸ்காரர்தான்.

பிள்ளை வளர்கிறது. பயமும் கூடவே வளர்கிறது. வீட்டு வாசலில் போலீஸ்காரர் வந்து நின்றால், அக்கம் பக்கத்தார் கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். "அந்த வீட்டில் என்னவோ நடந்து விட்டது" என்று பேசிக் கொள்கிறார்கள். திருட்டுக் கொடுத்தவன்கூட, "போனது போகட்டும், ஸ்டேஷனுக்கு யார் அலைவது?" என்று வாயை மூடிக் கொள்கிறான்.

திருடனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

போலீசாரைக் கண்டு நல்லவன் பயந்து ஒதுங்கினால், லாபம் கெட்டவனுக்குத்தான். இந்தப் பயத்தைப் போக்க முடியுமா? போக்கினால் என்ன நடக்கும்? அதற்குப் பதில் சொல்கிற ஊர் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பிவண்டி.

பயம் எங்கிருந்து வந்தது?

பிவண்டிக்குப் போகுமுன், இந்தப் பயம் பிறந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

வெள்ளைக்காரக் கம்பெனி ஆண்ட நாளில், நமது சென்னை ராஜதானியில் வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே கையில் இருந்தன. தாசில்தார்தான் இரண்டுக்கும் அதிகாரி. வரி கட்டாத குடியானவனையும், திருடன் என்று சந்தேகப்பட்டவனையும் ஒரே மாதிரி வதைத்தார்கள்.

விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரித்தார்கள். அதற்குக் "கிட்டி" என்று பெயர். ஆளைக் குனிய வைத்துக் கட்டி, வெயிலில் நிறுத்தினார்கள்.

புகார் லண்டன் வரை போயிற்று. விசாரிக்க ஒரு கமிஷன் அமைத்தார்கள். "ஆம், சித்திரவதை நடந்தது உண்மைதான்" என்று அந்தக் கமிஷன் 1855-ல் அறிக்கை கொடுத்தது.

இரண்டு ஆண்டு கழித்து, 1857-ல் வடக்கே பெரிய புரட்சி வெடித்தது. அதை அடக்கிய பிறகு, வெள்ளையர் 1861-ல் நாட்டுக்கு ஒரு போலீஸ் சட்டம் செய்தார்கள். மக்களுக்குத் துணை நிற்க அல்ல. மக்களை அடக்கி வைக்க!

வெள்ளைக்காரர்கள் தாங்கள் செய்த போலீசைத் தாங்களே நம்பவில்லை. போலீஸ்காரரிடம் ஒருவன் குற்றத்தை ஒப்புக் கொண்டால், அது கோர்ட்டில் செல்லாது என்று 1872-ல் சாட்சியச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்து விட்டது. ஆனாலும் இந்த விதி மட்டும் அப்படியே இருக்கிறது!

ஆகவே, நமது பாட்டன் பூட்டன் பயந்ததில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தைத்தான் நாம் பிள்ளைக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டுகிறோம்.

தறிகளின் ஊர்

இனி பிவண்டிக்கு வருவோம்.

மராட்டிய மாநிலத்தில், மும்பைக்கு வடகிழக்கே, தானா மாவட்டத்தில் இருக்கிறது பிவண்டி. விசைத்தறிக்குப் பேர் போன ஊர். பகலென்றும் இரவென்றும் பாராமல் தறிகள் "சடக் சடக்" என்று ஓடிக் கொண்டிருக்கும். உத்தரப் பிரதேசத்திலிருந்தும், பீகாரிலிருந்தும், தெலுங்கு நாட்டிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அங்கே நெருக்கியடித்துக் கொண்டு வாழ்கிறார்கள்.

இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. ஒருவர் தறி போட, ஒருவர் நூல் கொடுக்க, ஒருவர் துணி விற்க, எல்லோர் வயிறும் ஒரே தொழிலில்தான் நிரம்புகிறது.

இருந்தும், அந்த ஊரில் ரத்தம் ஓடியது.

1970 மே 7-ந் தேதி, சிவாஜி ஜெயந்தி ஊர்வலத்தின்போது கலகம் மூண்டது. பிவண்டியில் மட்டும் 70-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நீதிபதி மதோன் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது.

14 ஆண்டு கழிந்தது. 1984 மே மாதம் மறுபடியும் தீப்பிடித்தது. பிவண்டியில் பற்றிய நெருப்பு, தானா, கல்யாண், பம்பாய் என்று பரவியது. எல்லா இடத்திலுமாக 200-க்கும் மேற்பட்ட உயிர்கள் பலி!

"பிவண்டியா? அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும்" என்று ஊர் முழுவதும் பேச்சாயிற்று.

புதிதாக வந்த அதிகாரி

1988-ல் அந்த ஊருக்குப் போலீஸ் துணைக் கமிஷனராக வந்தார், சுரேஷ் கோபடே.

அவர் துப்பாக்கி அதிகம் வேண்டும் என்று கேட்கவில்லை. பழைய கலகங்களின் கட்டுகளை எடுத்து வைத்துக் கொண்டு படித்தார். ஏன் மூண்டது? எங்கே மூண்டது? மூளும்போது போலீசார் என்ன செய்தார்கள்?

அப்போதும் "அமைதிக் கமிட்டி" என்று ஒன்று இருந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் யார்? அரசியல் தலைவர்களும், ஊர்ப் பெரிய மனிதர்களும்! பண்டிகை வரும்போது கூடுவார்கள். தேநீர் குடிப்பார்கள். "நாம் எல்லோரும் சகோதரர்கள்" என்று பேசுவார்கள். கலைந்து போவார்கள்.

கலகம் வந்தால் அடிபடுகிறவன் சந்தில் குடியிருக்கிற ஏழை. கமிட்டியில் அவனுக்கு இடமே இல்லை!

கோபடே அதைத் தலைகீழாக மாற்றினார்.

பேட்டைக்கு ஒரு கமிட்டி

அந்தப் பக்கத்தில் பேட்டையை "மொகல்லா" என்று சொல்வார்கள். மொகல்லாவுக்கு ஒரு கமிட்டி என்று, சுமார் 70 கமிட்டிகள் அமைத்தார்.

அதில் இந்துக்களும் முஸ்லிம்களும் சரிசமமாக இருக்க வேண்டும். குற்ற வழக்கில் சிக்கியவர்களுக்கு இடமில்லை. பெரிய மனிதர்கள்தான் வேண்டும் என்பதில்லை. சாதாரண ஜனங்கள் போதும்.

அந்தப் பேட்டைக்கு உரிய போலீஸ்காரர் கமிட்டிக்கு வர வேண்டும். பண்டிகை வந்தாலும் வராவிட்டாலும் கூட்டம் தவறாமல் நடக்க வேண்டும்.

கூடி என்ன பேசுவார்கள்? பெரிய பெரிய வேதாந்தம் அல்ல. குடிநீர்க் குழாய்ச் சண்டை, குப்பைத் தகராறு, பிள்ளைகள் அடித்துக் கொண்டது போன்ற சின்ன விஷயங்கள்தான்.

"இது போலீஸ் வேலையா?" என்று கேட்கலாம்.

யோசித்துப் பாருங்கள். குழாயடியில் இரண்டு பெண்கள் சண்டை போடுகிறார்கள். அன்றைக்கே தீர்த்து வைத்தால், அது குழாயடிச் சண்டை. தீர்க்காமல் விட்டால், புருஷன்மார் வருவார்கள். அண்ணன் தம்பிகள் வருவார்கள். இருவரும் வேறு வேறு மதமாக இருந்து விட்டால், மாலைக்குள் அது "மதக் கலவரம்" ஆகி விடும்!

சின்னத் தீயை ஒரு செம்புத் தண்ணீரால் அணைக்கலாம். கூரையில் ஏறிய பிறகு ஊர்க் கிணறே காணாது.

வதந்திக்கு வைத்தியம்

இன்னொரு லாபமும் கிடைத்தது. அதுதான் பெரிய லாபம்.

ஒரு உதாரணம் வைத்துக் கொள்வோம். ஒரு பால்காரர் சைக்கிளிலிருந்து விழுந்து மண்டை உடைந்து கிடக்கிறார். அடுத்த தெருவில், "பால்காரரை அடித்துப் போட்டு விட்டார்கள்" என்கிறார்கள். அதற்கு அடுத்த தெருவில், "கொன்றே விட்டார்கள்" என்கிறார்கள். நாலாவது தெருவில் கத்தி கம்புகளோடு கிளம்பி விடுகிறார்கள்!

அந்த நேரத்தில் யார் சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள்? முன்பின் தெரியாத போலீஸ்காரர் ஒலிபெருக்கியில் கத்தினால் நம்புவார்களா? மாட்டார்கள்.

ஆனால் தினமும் பார்க்கிற போலீஸ்காரரும், அடுத்த வீட்டு முஸ்லிம் பெரியவரும், எதிர் வீட்டு இந்துக் கடைக்காரரும் சேர்ந்து வந்து, "நாங்கள் பார்த்து விட்டுத்தான் வருகிறோம். அவர் கால் தவறி விழுந்தார், ஆஸ்பத்திரியில் இருக்கிறார்" என்று சொன்னால்?

கம்பு கீழே இறங்கி விடும்.

நம்பிக்கை என்பது கலகத்தன்று கடையில் வாங்குகிற சரக்கல்ல. முன்கூட்டியே, சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்க வேண்டிய பணம். பிவண்டியில் அப்படித்தான் சேர்த்தார்கள்.

சோதனை வந்தது!

1992 டிசம்பர் 6-ந் தேதி அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. நாடு கொந்தளித்தது.

பம்பாயில் அந்த டிசம்பரிலும், 1993 ஜனவரியிலும் நடந்த கொடுமைகளைச் சொல்லி முடியாது. பின்னாளில் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கெடுத்தபோது, மாண்டவர் தொகை 900 என்று தெரிந்தது!

எல்லோர் பார்வையும் பிவண்டி மீது திரும்பியது. 1970-லும் 1984-லும் எரிந்த ஊராயிற்றே! பக்கத்தில் பம்பாய் எரிகிறதே!

பிவண்டி எரியவில்லை.

கோபடே அதற்குள் மாற்றலாகிப் போய் விட்டார். ஆனால் அவருக்குப் பின் வந்தவர் கமிட்டிகளைக் கைவிடவில்லை. பேட்டைக்குப் பேட்டை, தெருவுக்குத் தெரு, ஜனங்களும் போலீசாருமாக நின்று காத்தார்கள். ஊரில் கலகம் மூளவில்லை.

பம்பாய் ஏன் எரிந்தது, பிவண்டி ஏன் எரியவில்லை என்று கோபடே பின்னாளில் ஒரு புத்தகமே எழுதினார்.

பம்பாய்க்காரர்களும் பாடம் படித்தார்கள். கலகத்துக்குப் பிறகு அந்த நகரத்திலும் மொகல்லா கமிட்டிகள் தோன்றின. அன்றைய போலீஸ் கமிஷனர் சதீஷ் சாஹ்னி, ஓய்வு பெற்ற பிரபல போலீஸ் அதிகாரி ஜூலியோ ரிபேரோ, சமூகத் தொண்டர் சுஷோபா பார்வே ஆகியோர் அதற்குப் பாடுபட்டார்கள். கலகம் நடந்த பேட்டைகளில் வாலிபர்களையும் போலீசாரையும் சேர்த்துக் கிரிக்கெட் விளையாட வைத்தார்கள்!

கதை முடியவில்லை

இதோடு நிறுத்தினால் இனிப்பான கதை. ஆனால் உண்மை முழுவதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

2006 ஜூலை 5-ந் தேதி. அதே பிவண்டி. புதிதாக ஒரு போலீஸ் நிலையம் கட்ட வேலை தொடங்கியது. "அது எங்கள் இடுகாட்டை ஒட்டிய நிலம். அங்கே கட்டக் கூடாது" என்று பக்கத்திலிருந்த முஸ்லிம்கள் எதிர்த்தார்கள். கூட்டம் கூடியது. கல் பறந்தது. போலீசார் சுட்டார்கள். இரண்டு பேர் மாண்டார்கள்.

அன்று இரவு, கூட்டம் ஒன்று இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்று விட்டது.

நாலு குடும்பம் அழுதது. எதற்காக? ஊரைக் காக்க ஒரு போலீஸ் நிலையம் கட்டுவதற்காக!

அஸ்திவாரம் போடுமுன் மனம் ஒத்துப் பேசி முடித்திருந்தால், அந்த நாலு பேர் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள் அல்லவா? சேர்த்து வைத்த நம்பிக்கையும் பணத்தைப் போலத்தான். மேலும் மேலும் போடாமல் எடுத்துக் கொண்டே இருந்தால் தீர்ந்து போகும்.

நமது நாட்டில்

தமிழ்நாட்டிலும் இந்த முயற்சி நடந்தது.

1991 மே 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து ராஜீவ் காந்தி மாண்டார். அந்த இடத்தில் காவலுக்கு நின்று படுகாயம் அடைந்தவர்களில் ஒருவர், பிரதீப் பிலிப் என்ற இளம் போலீஸ் அதிகாரி. உயிர் பிழைத்த அவர், 1993-ல் ராமநாதபுரம் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டாக இருந்தபோது "போலீஸ் நண்பர்கள்" என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது மாநிலம் முழுவதும் பரவியது. ஊர் வாலிபர்கள் இரவு ரோந்துக்கும், திருவிழாக் கூட்டத்துக்கும், போக்குவரத்துக்கும் போலீசாருக்குத் துணை நின்றார்கள்.

திருச்சியில் 1999 முதல் போலீஸ் கமிஷனராக இருந்த ஜே.கே. திரிபாதி, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதற்கென்றே போலீஸ்காரர்களை நியமித்தார். அவர்கள் தங்கள் வட்டாரத்து ஜனங்களோடு பழகினார்கள். ஸ்டேஷனுக்கு வரக் கூச்சப்படுகிறவர்களுக்காகப் புகார்ப் பெட்டிகளும் வைக்கப்பட்டன. கேரளத்தில் 2008-ல், முதலில் 20 போலீஸ் நிலையங்களில், போலீஸ்காரர் வீடு வீடாகப் போய் அறிமுகம் செய்து கொள்ளும் திட்டம் வந்தது.

ஆனால் இங்கும் ஒரு கசப்பு உண்டு.

2020 ஜூன் மாதம், கொரோனா ஊரடங்கின்போது, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைதான ஒரு தந்தையும் மகனும் அடுத்தடுத்து மாண்டார்கள். போலீஸ் நிலையத்தில் அவர்களை அடித்ததாகப் புகார் எழுந்தது. நாடே பதறியது. வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போயிற்று. போலீசார் மீது கொலை வழக்குத் தொடரப்பட்டது. "போலீஸ் நண்பர்கள்" தொண்டர்கள் சிலர் மீதும் குற்றச்சாட்டு கிளம்பியது.

ஜூலை மாதம் அந்த இயக்கத்துக்கு அரசாங்கம் தடை விதித்தது. 27 ஆண்டு முயற்சி!

இதிலிருந்து என்ன தெரிகிறது? போலீசுக்குத் துணை நிற்பது வேறு. போலீஸ் அதிகாரத்தில் பங்கு வாங்குவது வேறு. பிவண்டியில் போலீஸ்காரர் பேட்டைக்குள் வந்தார். ஜனங்களுக்குப் பதில் சொன்னார். பேட்டைக்காரர் ஸ்டேஷனுக்குள் போய் அதிகாரம் செய்ய ஆரம்பித்தால், அவரைக் கண்டும் ஜனங்கள் பயப்படத்தான் செய்வார்கள். நண்பன் என்றால் தட்டிக் கேட்கவும் வேண்டும். "அடிக்காதீர்கள் ஐயா" என்று சொல்லத் தைரியம் இல்லாதவன் நண்பன் அல்ல.

நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டியவை

நம்பிக்கைக்கு முதல் படி, நமது உரிமையைத் தெரிந்து கொள்வது. தெரிந்தவன் பயப்படமாட்டான்.

புகார் கொடுத்து வழக்குப் பதிவானால், அந்த முதல் தகவல் அறிக்கையின் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். காசு கேட்க உரிமையில்லை.

குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட பையன்களையும், 60 வயது கடந்த ஆண்களையும் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய் விசாரிக்க வேண்டும்.

ஒருவரைக் கைது செய்தால், அவருடைய வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

இவை சட்டம் சொல்வது. இதைச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

உங்கள் தெருவில்...

பிவண்டியில் நடந்தது மந்திரம் அல்ல. பணம் கொட்டியும் செய்யவில்லை. போலீஸ்காரருக்குப் பேட்டைக்காரரின் பெயர் தெரிந்தது. பேட்டைக்காரருக்குப் போலீஸ்காரரின் பெயர் தெரிந்தது. அவ்வளவுதான்!

உங்கள் வட்டாரத்துப் போலீஸ்காரர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், ஏதாவது நடந்த பிறகு அல்ல, ஒன்றும் நடக்காத ஒரு நல்ல நாளில் போய் விசாரியுங்கள். தெருவில் நாலு பேர் சேர்ந்து போங்கள். "எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை, இருட்டில் பெண்கள் நடக்கப் பயப்படுகிறார்கள்" என்று சொல்லுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

போலீசாருக்கும் ஒரு வார்த்தை. ஸ்டேஷன் படியேறி வருகிற ஏழைக்கு ஒரு நாற்காலி காட்டி, "உட்காருங்கள் அம்மா, என்ன விஷயம்?" என்று கேளுங்கள். அந்த ஒரு வார்த்தை, நூறு துப்பறிவாளர் தராத தகவலைக் கொண்டு வந்து தரும்.

தாய்மார்களே! இன்று இரவு பிள்ளை சோறு தின்ன அடம் பிடித்தால், வேறு எந்தப் பூச்சாண்டியையாவது கூப்பிடுங்கள். போலீஸ்காரரைக் கூப்பிடாதீர்கள்.

திருவிழாக் கூட்டத்தில் அந்தப் பிள்ளை ஒரு நாள் வழி தவறி நின்றால், காக்கிச் சட்டையைக் கண்டு ஓடி ஒளியக் கூடாது. அவரிடம் ஓடி வந்து, "எங்கள் அம்மாவைக் காணோம்" என்று சொல்ல வேண்டும்.

அவரும் அதன் கையைப் பிடித்து, வீடு கொண்டு வந்து சேர்ப்பவராக இருக்க வேண்டும்.